இருநூறு கிராம் காற்று

சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் கிணற்று மோட்டார்களுக்கும் ஷாஃப்டும் (சுழலும் அச்சு), அதைத் தாங்கும் வளையமான புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறையை அப்பாவுக்குப் பிறகு நான் நடத்தி வருகிறேன். பட்டறைச் சுவரில், மைக்ரோமீட்டர் பெட்டிகளுக்கு மேலே, 80 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பிளைவுட் பலகை மூன்று ஆண்டுகளாகத் தொங்குகிறது. வேலை கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேராவது அது என்னவென்று கேட்காமல் போவதில்லை. படகு ஓட்டும் பலகை என்று சொன்னால், இந்த ஊரில் ஏது படகு என்று சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏற்காடு ஏரியில் மிதிபடகு ஓட்டியதைத் தவிர எனக்கும் அதுவரை படகுப் பழக்கம் கிடையாது.

என் தங்கையின் கணவர் பல ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் என்ஜினியராக இருந்தவர். வேலையை விட்டு வந்ததும், ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பகுதியைப் போட்டு 24 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கிப் புதுச்சேரியில் நிறுத்தினார். தங்கைக்கு அதில் வருத்தம்தான். ஒரு தீபாவளிக்குச் சேலம் வந்தபோது, சாப்பிட்டு முடித்ததும் ஒரு வரைபடத்தை என் முன்னால் விரித்து, "மச்சான், இத உங்க பட்டறையில செய்ய முடியுமா?" என்று கேட்டார். பாய்மரப் படகில் தனியாகப் போகிறவனுக்குப் பெரிய எதிரி புயல் இல்லையாம், சுக்கான் பிடியாம். பாயைச் சரிசெய்ய, வரைபடம் பார்க்க, டீ போட, சிறுநீர் கழிக்க எதற்கு எழுந்தாலும் பிடியை விட வேண்டும். விட்ட அரை நிமிடத்தில் படகு தன் போக்கில் திரும்பிவிடும். மின்சாரத்தில் ஓடும் தானியங்கிக் கருவிகள் உண்டு, ஆனால் சின்னப் படகின் பேட்டரியை அவை இரவோடு இரவாகக் காலி செய்துவிடும். காற்றையே எடுத்துச் சுக்கானைப் பிடிக்க வைக்கும் கருவியைத்தான் அவர் கேட்டார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியோடு சேர்த்து அந்தப் பழைய படகின் விலையையே நெருங்கும் என்பதால், மச்சானின் லேத் அவருக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

அந்தக் கருவி வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. படகின் பின்பலகையில், செங்குத்தாக நிற்கும் மெல்லிய காற்றுத்தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். படகு சரியான திசையில் போகும்போது தகட்டின் விளிம்பு மட்டுமே காற்றைப் பார்க்கும்படி முதலில் திருப்பி வைத்துவிட வேண்டும். அப்போது தகடு நிமிர்ந்து நிற்கும். படகு திசை விலகினால் தகட்டின் முகத்தில் காற்று மோதி, அதை ஒரு பக்கமாகச் சாய்க்கும். தகட்டின் அடியில் எதிர் எடை ஒன்று இருப்பதால், காற்று விட்டதும் அது மறுபடி எழுந்துவிடும். இந்தச் சாய்வு, ஒரு தள்ளுகம்பி வழியாகக் கீழே இறங்கி, தண்ணீருக்குள் தொங்கும் நீண்ட துடுப்பு ஒன்றைத் தன் அச்சில் சில பாகை திருப்பும். திரும்பிய துடுப்பின் பக்கத்தில், படகின் வேகத்தால் ஓடிவரும் தண்ணீர் அறைந்து, அதைக் கடிகார ஊசல் போல ஒரு புறமாகத் தூக்கும். துடுப்பின் தலையிலிருந்து இரண்டு கயிறுகள் கப்பிகள் வழியாகச் சுக்கான் பிடிக்குப் போகின்றன. ஊசல் வலப்புறம் போனால் ஒரு கயிறு இழுக்கும், இடப்புறம் போனால் மற்றது. சுக்கான் படகைத் திருப்பிக் கொண்டுவந்ததும் காற்று மறுபடி தகட்டின் விளிம்பைச் சந்திக்க, எல்லாம் அடங்கிவிடும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது கணக்கு. கடல் மட்டத்தில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ, கடல் நீரின் அடர்த்தி 1,025 கிலோ. மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில், அதாவது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது, படகு 10 பாகை விலகினால் எங்கள் தகட்டின் மேல் விழும் விசை ஏறத்தாழ 200 கிராம். அதே நேரத்தில் படகு 5 கடல் மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தால், தண்ணீருக்குள் 15 சென்டிமீட்டர் அகலமும் 70 சென்டிமீட்டர் நீளமும் மூழ்கியிருக்கும் துடுப்பு அதே அளவு திரும்பியதும் அதன் மேல் விழும் விசை ஏறத்தாழ 20 கிலோ. ஒரு டம்ளர் தண்ணீரின் எடையளவு காற்று, ஒரு அரிசி மூட்டையின் எடையளவு தண்ணீரை ஏவி விடுகிறது. ஏவுவதுதான் தகட்டின் வேலை, இழுப்பதெல்லாம் தண்ணீரின் வேலை. காற்று பாதியாகக் குறைந்தால் விசை பாதியாகக் குறையாது, கால் பங்காகக் குறையும் என்பதையும் அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தேன். எழுதி வைத்தேனே தவிர, அதன் பொருள் பின்னால்தான் உறைத்தது.

இந்த யோசனையைப் பெரிய படகுக்காரர்களுக்கு முன்பே பொம்மைப் படகுக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1935இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் நடந்த மாதிரிப் படகுப் போட்டியில், சாம் பெர்கே என்ற நார்வேக்காரர் காற்றுத்தகடு வைத்த படகை விட்டு வென்றார். மனிதர்கள் ஏறும் படகுகளுக்கு அது பரவலாக வந்தது 1960க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜூனில் பிளைமவுத்திலிருந்து நியூயார்க்குக்கு, ஒற்றை ஆளாக அட்லாண்டிக்கைக் கடக்கும் முதல் போட்டி நடந்தது. கிளம்பியவை ஐந்தே படகுகள். 40 நாளில் முதலில் போய்ச் சேர்ந்தவர் பிரான்சிஸ் சிசெஸ்டர். 48 நாளில் இரண்டாவதாகப் போனவர் அந்தப் போட்டியின் மூளையான பிளாண்டி ஹாஸ்லர், முன்னாள் கடற்படைத் துருப்பு அதிகாரி. சிசெஸ்டர் தன் படகின் பின்னால் ஒரு சின்ன பாயையே தகடாக நட்டு, அதற்கு மிராண்டா என்று பெயரும் வைத்திருந்தார். நான் மேலே விவரித்த ஊசல் துடுப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஹாஸ்லர். வென்றவரை உலகம் கொண்டாடியது. கருவி செய்கிறவன் என்ற முறையில் என் ஓட்டு இரண்டாவதாக வந்தவருக்கு.

நேராக உலோகத்தில் கை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கொடுத்த சில்வர் ஓக் துண்டில், இரண்டடி நீளத்துக்கு ஒரு படகைக் குடைந்து, அடியில் ஈயம் வார்த்து, ஒரு சின்னத் தகட்டை நேரடியாகச் சுக்கானோடு இணைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, படகுச் சவாரி தொடங்கும் முன் அதை ஏற்காடு ஏரியில் விட்டேன். படகு இல்லத்துப் பணியாளர் ஒருவர் கையில் டீயுடன் வந்து நின்றுகொண்டார். படகு அழகாகக் கிளம்பி, ஏரியின் நடுவில் பெரிய வட்டமாக வளைந்து, விட்ட இடத்துக்கே திரும்பி வந்து கரையில் முட்டியது. மறுபடி விட்டேன், மறுபடி வந்தது. "ரிமோட்டு நல்லா வேலை செய்யுதுங்க சார்" என்று அவர் பாராட்டினார். சுக்கான் கோளாறு என்று நினைத்து வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் அந்தத் தகட்டோடு மல்லுக்கட்டினேன். கோளாறு எதுவும் இல்லை. சுற்றிலும் மேடும் மரமுமாக உள்ள அந்த ஏரிக்குள் இறங்கும் காற்று சுழன்று வருகிறது. தகடு காற்றோடு சுழன்றது, படகு தகட்டோடு சுழன்றது. இந்தப் பாடத்தை ஏரி எனக்கு இலவசமாகச் சொன்னது. நான் கேட்டுக்கொள்ளாததால் கடலில் ஒருமுறை விலை கொடுக்க நேர்ந்தது.

பெரிய கருவியைச் செய்யத் தொடங்கியபோது, எவர்சில்வர் ஊரில் இருந்துகொண்டு ஸ்டீலைப் பற்றிக் கவலைப்படுவதா என்ற அலட்சியம் எனக்கு இருந்தது. உருக்காலை இருக்கும் ஊர் இது. சமையலறைப் பாத்திரத்தில் ஓடுவது பெரும்பாலும் 304 ரகம் என்பது எங்கள் பட்டறைப் பையனுக்குக்கூடத் தெரியும். கடலுக்கு 316 வேண்டும், அதில் இரண்டு சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால்தான் உப்பில் குழி விழாமல் தாங்குகிறது என்று மாப்பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். வழக்கமாக வாங்கும் கடை ஒன்றில் 316 என்று கேட்டு, 316க்கு உரிய விலையும் கொடுத்து ராடும் பைப்பும் வாங்கினேன். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, திருப்தியாக வந்துவிட்டேன். காந்தம் இரண்டு ரகத்திலுமே ஒட்டாது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. புதுச்சேரியில் மூன்று வாரம் இருந்த பைப்பின் மேல் டீக்கறை போலப் பழுப்புப் புள்ளிகள் பூத்த பிறகு, மாலிப்டினத்தைக் காட்டும் சோதனைத் திரவத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்தோம். நிறம் மாறவே இல்லை. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டதில் எனக்குக் கிடைத்தது ஒரு கப் காப்பி.

பெவல் கியர்களில், அதாவது ஒன்றுக்கொன்று குறுக்கான அச்சுகளை இணைக்கும் கூம்புப் பற்சக்கரங்களில் மட்டும் நான் யாரையும் நம்பவில்லை, நானே வெட்டினேன். 1968இல் நிக் ஃப்ராங்க்ளின் என்பவர் இங்கிலாந்தின் வைட் தீவில் செய்யத் தொடங்கிய ஏரீஸ் என்ற கருவியின் பெருமை அந்தக் கியரில்தான் இருக்கிறது. ஊசல் பக்கவாட்டில் தூக்கப்படும்போதே கியர் துடுப்பை மறுபக்கம் முறுக்கி, மெல்ல நேராக்கிவிடும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், படகு சரியான திசைக்கு வந்த பிறகும் துடுப்பு இழுத்துக்கொண்டே இருக்கும்; படகு மறுபக்கம் விலகும்; குடித்தவன் நடை போலக் கடல் முழுக்க வளைந்து வளைந்து போகும். தகட்டின் அச்சை முழுக்கக் கிடைமட்டமாக வைக்காமல் 20 பாகை அளவுக்குச் சாய்த்து வைப்பதும் இதே போன்ற அடக்கத்துக்காகத்தான். கிடைமட்டமாக இருந்தால் சிறு விலகலுக்கும் தகடு ஒரேயடியாக விழுந்துவிடும். சாய்த்து வைத்தால் விலகலுக்கு ஏற்ற அளவே சாயும்.

ஆடி மாதம் கருவி தயாரானது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பிளைவுட் பலகை ஆடாதா என்று அதைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு, நானும் எங்கள் மேஸ்திரியும் நண்பரின் தோட்டத்துக்குப் போனோம். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி, தோட்டத்தின் மேற்கு விளிம்பில் மரமில்லாத ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் இரும்பு ஸ்டாண்டை நிறுத்தி, பக்கத்தில் ஒரு கம்பில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டோம். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் காற்று ஏறக்குறைய 14 சதவீதம் லேசானது என்பதால், இங்கே தேறிவிட்டால் கடலில் நிச்சயம் தேறும் என்பது என் கணக்கு. மதியத்துக்கு மேல் வீசிய காற்றில் தகடு அற்புதமாக ஆடியது. ஸ்டாண்டை ஐந்து பாகை திருப்பினாலே சாய்ந்தது, திருப்பி வைத்தால் எழுந்தது. மேஸ்திரி கை தட்டினார். அன்றைக்கே இறங்கியிருந்தால் வெற்றி என்று நினைத்துக்கொண்டே இறங்கியிருப்போம். நண்பரின் மனைவி ராச்சாப்பாட்டுக்கு வற்புறுத்தியதால் தங்கிவிட்டோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, பனிமூட்டம் கலையாத நேரத்தில் பாறைக்குப் போய்ப் பார்த்தால், ரிப்பன் மெதுவாகத் திசை மாறி மாறிப் பறந்துகொண்டிருந்தது. தகடு தூண் போல நின்றது. ஸ்டாண்டைப் பத்து பாகை திருப்பினேன், பதினைந்து பாகை திருப்பினேன். அது அசையவில்லை. விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டினால் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே நின்றுகொண்டது.

சேலம் திரும்பியதும் மேஸ்திரி ஒரு காரியம் செய்தார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தன் உறவினரிடமிருந்து பழைய பித்தளை எடைக்கற்களை வாங்கி வந்தார். தகட்டின் நடுவில் ஒரு நூலைக் கட்டி, அதைச் சின்னக் கப்பியின் மேல் ஓடவிட்டு, மறுமுனையில் ஒரு தட்டைத் தொங்கவிட்டு, அதில் கற்களை ஒவ்வொன்றாக வைத்தோம். ஐந்து கிராம், பத்து, இருபது. தகடு அசையவில்லை. ஐம்பதில் லேசாக நடுங்கியது. 60 கிராமில்தான் நகர்ந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். 10 கடல் மைல் காற்றில் 200 கிராம் என்றால், 5 கடல் மைல் காற்றில் வெறும் 50 கிராம். காற்று தருவது ஐம்பது, புஷ்களின் உராய்வு கேட்பது அறுபது. மலைக்காற்று வேகமாக வீசியபோது இந்தக் கஞ்சத்தனம் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

குற்றவாளி என் கைத்திறன். முப்பது வருடமாக ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே முடி நுழையாத அளவுக்குக் கடைந்து பெயர் வாங்கியவன் நான். அதே கையோடு இதையும் கடைந்திருந்தேன். மேஸ்திரி ஷாஃப்டைக் கையில் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பம்பு இல்ல. கொஞ்சம் லொடலொடன்னு இருந்தாத்தான் இதுக்கு நல்லது" என்றார். அவர் சொன்னதை ஏற்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒரு பட்டறைக்காரனிடம் போய் லொடலொடவென்று கடை என்று சொல்வது, சமையல்காரரிடம் உப்பில்லாமல் சமை என்று சொல்வதைப் போல. கடைசியில் ஓட்டைகளைப் பெரிதாக்கி, அச்சின் முனைகளை மெலிதாக்கி, கிரீஸைத் துடைத்து எறிந்தேன். கிரீஸ் வழுக்கும் என்பது பெரிய விசைகளுக்குத்தான் சரி. இருபது முப்பது கிராம் விவகாரத்தில் அது பசை. எதிர் எடையையும் சிறிது சிறிதாக அரத்தால் ராவிக் குறைத்து, தகடு தன்னால் மெல்ல எழுவதற்குப் போதுமான அளவே மிச்சம் வைத்தோம். அடுத்த முறை எட்டு கிராமில் தகடு நகர்ந்தது. மறுபடி பாறைக்குப் போய், அதே காலைக் காற்றில் அது ரிப்பனோடு சேர்ந்து சாய்வதைப் பார்த்தபோது எங்கள் இருவருக்குமே பேச்சு வரவில்லை.

மேலே இருக்கும் புஷ்களைப் பற்றிய ஞானம் கீழே இருப்பவற்றுக்கு உதவவில்லை என்பது புதுச்சேரியில் தெரிந்தது. துடுப்பின் அச்சுக்கு நைலான் புஷ் போட்டிருந்தேன். ஜவ்வரிசி ஆலைகளில் நைலான் நன்றாக உழைக்கும். நன்கு தளர்வாகவே கடைந்தும், படகைத் தண்ணீரில் நிறுத்திப் பத்து நாள் கழித்துப் பார்த்தபோது துடுப்பு பிடித்த பிடியை விடவில்லை. நைலான் தண்ணீர் குடிக்கும். முழுக்க ஊறினால் தன் எடையில் எட்டு ஒன்பது சதவீதம் வரை குடித்து வீங்கும். வீங்குவதற்கு வெளியே இடமில்லாததால் உள்ளே அச்சை நெரிக்கும். டெல்ரின் என்று சந்தையில் கிடைக்கும் அசிட்டால் பிளாஸ்டிக் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே உறிஞ்சும். இரண்டும் வெள்ளை ராடுதான், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு வித்தியாசம் பிடிபடாது. டெல்ரினில் கடைந்து மாற்றியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

கருவியை மாட்டியதும் படகு தானாக ஓடிவிடும் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் அது ஓடவில்லை. காற்று நன்றாக இருந்தது, பெரிய பாய் முழுக்க ஏறியிருந்தது, படகு ஒரு பக்கம் சாய்ந்து வேகமாகப் போனது. ஆனால் ஒவ்வொரு வலுத்த காற்றிலும் காற்றின் பக்கமாகவே மூக்கைத் திருப்பிக்கொண்டது. துடுப்பு முழு அளவுக்குத் தூக்கியும் போதவில்லை. என் கியரில்தான் ஏதோ தவறு என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை கருவியின் கயிற்றைக் கழற்றிவிட்டு, "பிடியைப் பிடிச்சுப் பாருங்க மச்சான்" என்றார். பிடித்தேன். முரட்டு மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தது போல இருந்தது. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இழுத்தால்தான் படகு நேராகப் போனது. பிறகு அவர் பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கினார், அதன் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினார், முன்பாயை அப்படியே விட்டார். படகு நிமிர்ந்தது, வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை, பிடி இரண்டு விரலுக்கு அடங்கியது. இப்போது கயிற்றை மாட்டினார். அதன் பிறகு நாற்பது நிமிடம் நாங்கள் பிடியைத் தொடவில்லை.

கருவியைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இது படகின் குறையை மறைக்காது. பாய்கள் ஒன்றுக்கொன்று சமனாக இருந்து, படகு ஏறக்குறையத் தானாகவே நேராகப் போகும் நிலைக்கு வந்த பிறகு, மிச்சமிருக்கும் சின்ன விலகல்களை மட்டும் இது பார்த்துக்கொள்ளும். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968இல் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றக் கிளம்பிய சுஹைலி, நம் மும்பையில் தேக்கில் கட்டப்பட்ட 32 அடிப் படகு. அதன் தானியங்கிச் சுக்கான் ஆஸ்திரேலியா அருகே சரிசெய்ய முடியாதபடி உடைந்துபோனது. மனிதர் திரும்பவில்லை. பாய்களைச் சமன்செய்தே படகைப் போகவைத்து, பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் கடந்து, 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மவுத்தில் போய் இறங்கினார். அதற்கும் எழுபது ஆண்டுகளுக்கு முன்னால், இப்படி ஒரு கருவியே இல்லாத காலத்தில், ஜோஷுவா ஸ்லோகம் தன் ஸ்ப்ரே படகின் சுக்கானைக் கட்டிவைத்துவிட்டே 2,700 மைலை 23 நாளில் இந்தியப் பெருங்கடலில் கடந்திருக்கிறார். நம் காலத்திலும், தனி ஆளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டி 2022இல் தொடங்கியபோது அதில் மின் தானியங்கிகளுக்கு அனுமதி இல்லை, காற்றுத்தகடு மட்டும்தான். அதில் இரண்டாவதாக வந்த நம் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி, வழியில் தகட்டுக் கருவி பழுதானபோதெல்லாம் படகில் இருந்த பொருளைக் கொண்டே சரிசெய்து கொண்டு 236 நாள் ஓட்டினார். கையில் லேத் இல்லாமல் நடுக்கடலில் அதைச் செய்திருக்கிறார் என்பது என்னைப் போன்றவனுக்கு மலைப்பாக இருக்கிறது.

ஏரி சொன்ன பாடத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் ஒரு நாள், புதுச்சேரியிலிருந்து கடலூர்ப் பக்கமாகத் தெற்கே போனோம். கிளம்பும்போது ஒரு மீனவர் எங்கள் கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காத்து கையில சுக்கானக் குடுத்துட்டு நீங்க என்ன செய்வீங்க, தூங்குவீங்களா?" என்று கேட்டார். பிறகு, மதியத்துக்கு மேல் கொண்டல் சோழகமாகச் சாயும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். கீழைக்காற்று கொண்டல், தென்காற்று சோழகம் என்ற அளவில் புரிந்தது, தலையாட்டினோம். கடற்காற்று நேர் கிழக்கிலிருந்து இடப்பக்க விலாவில் வீச, கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, படகு ரயில் போல நேராகப் போயிற்று. தகட்டைச் சரியாக வைத்துவிட்டு இருவரும் உள்ளே இறங்கி ஸ்டவ்வைப் பற்றவைத்தோம். டீ ஆயிற்று, பேச்சு நீண்டது. படகின் சாய்வில் ஒரு மாற்றமும் இல்லை, பாய்கள் படபடக்கவில்லை, கயிறு அளவாக இழுத்து அளவாக விட்டுக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து நான் தலையை வெளியே நீட்டியபோது, பச்சைக் கோடாக இருந்த கரையில் சவுக்கு மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அலை உடையும் வெள்ளை தெரிந்தது.

காற்று கிழக்கிலிருந்து தென்கிழக்காகத் திரும்பியிருந்தது. தகடு தன் கடமையைத் தவறாமல் செய்து, காற்றுக்கும் படகுக்கும் இடையிலான கோணத்தை ஒரு பாகை மாறாமல் காப்பாற்றி, எங்களைத் தென்மேற்காக, நேராகக் கரையை நோக்கிக் கூட்டிச் சென்றுகொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத் தோன்றியதற்கும் அதுவே காரணம். சுக்கான் பிடியில் கயிறுகள் சேரும் இடத்தில் ஒரு சாண் சங்கிலியும், அதன் கண்ணி மாட்டும் ஒரு முளையும் வைத்திருந்தோம். சங்கிலியைத் தூக்கிக் கழற்றி, பிடியைக் கையில் வாங்கி, படகைக் கடல் பக்கம் திருப்ப ஐந்து விநாடிகூட ஆகவில்லை. அந்தச் சங்கிலியை அவசரத்துக்கு என்று வைக்கச் சொன்னவரும் மேஸ்திரிதான். கடலையே அதுவரை பார்க்காத மனிதர். அதற்குப் பிறகு திசைகாட்டியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்காமல் டீ குடிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கருவி நன்றாக வேலை செய்யச் செய்ய, தனியாகப் போகிறவனுக்கு ஆபத்து கூடுகிறது. சாதாரணப் படகிலிருந்து ஒருவன் தவறி விழுந்தால், படகு கொஞ்ச தூரத்தில் காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட வாய்ப்பு உண்டு. இது நிற்காது; ஆள் இல்லாமலேயே நேராகப் போய்க்கொண்டிருக்கும். மாப்பிள்ளை தனியாகப் போகும்போது இடுப்பு வாரைப் படகோடு மாட்டாமல் மேல்தளத்துக்கு வருவதில்லை என்று தங்கையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்.

பின்காற்றில், அதுவும் மெல்லிய பின்காற்றில், கருவி இன்னும் திணறத்தான் செய்கிறது. காற்று அடிக்கும் திசையிலேயே படகும் போவதால், படகின் வேகம் காற்றின் வேகத்திலிருந்து கழிந்துவிடுகிறது. ஆறு கடல் மைல் காற்றில் மூன்று கடல் மைல் வேகத்தில் போனால் தகட்டுக்கு மிஞ்சுவது மூன்றுதான். போன மாதம் ஓர் இரவு அப்படித்தான் இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓட்டிவிட்டுப் படகு வழி தவறித் திரும்பிக்கொண்டதாம். அத்தகைய காற்றுக்கென்று லேசான தகடு ஒன்று தனியாக வேண்டும் என்று மாப்பிள்ளை போனில் கேட்டார். விளம்பரப் பலகை செய்கிறவர்கள் பயன்படுத்தும் சன்போர்டில் அதே அளவுக்கு ஒன்று வெட்டி, எதிர் எடையையும் அதற்கேற்பக் குறைத்திருக்கிறோம். நேற்று மேஸ்திரி மறுபடி நூலைக் கட்டி, தட்டைத் தொங்கவிட்டு, வெள்ளிக்காரர் கற்களை எடுத்தார். இரண்டு கிராமுக்கு அசையவில்லை; ஐந்து வைத்ததும் சாய்ந்தது. மூன்றுக்குச் சாய வேண்டும் என்று அவர் அச்சின் முனையை இன்னும் மெலிதாக்கிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பாறைக்குப் போகிறோம்.